சித்தி வீட்டுக்குப் போன லாரி

எங்கள் வீட்டில் யாராவது, "சித்தி வீட்டுக்குப் போனோமே, அப்ப" என்று பேச்செடுத்தால் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். கோபித்துக்கொண்டு போகமாட்டாள். கோழிக்கு இரை போட வேண்டும், துணி காய்ந்திருக்கும் என்று ஏதாவது ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு போவாள். பேச்சு வேறு பக்கம் திரும்பிய பிறகுதான் உள்ளே வருவாள். அதனால் அந்தப் பயணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி நானே கண்டது. மீதி அப்பா சொன்னது.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். தம்பிக்கு நாலு. தங்கை அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத கைக்குழந்தை. மலாய் நாட்டில், லுக்குட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிப்போனார். பிறகு தோட்டத்துக் கணக்குப் பார்த்த கிராணியும் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். பால் வெட்டு நின்றது. அரிசி நின்றது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மரங்களைச் சாய்த்துவிட்டு எல்லோரும் மரவள்ளி நட்டார்கள். காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. சில மாதங்களில் தம்பியின் வயிறு உப்பிவிட்டது. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அம்மா அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அப்புறம் லாரி வர ஆரம்பித்தது. சயாமில் ரயில் தண்டவாளம் போடுகிறார்களாம், அதற்கு ஆள் வேண்டுமாம். முதல் தடவை கேட்டுக் கூட்டிப்போனார்கள். அடுத்தடுத்த தடவைகளில் கேட்கவில்லை. அப்பா ஒருமுறை ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகையின் மேல் பரணில் படுத்துத் தப்பினார். இறங்கி வந்தபோது கண்ணும் முகமும் வீங்கியிருந்தன. பக்கத்து வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் ஆண்கள் இல்லை. அப்பா மட்டும் இருந்தார். அதனாலேயே அந்த வீட்டுப் பெண்கள் அம்மாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, கோலா பிலாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்வரும் ஒரு முஸ்லிம் வியாபாரி அவள் சொல்லியனுப்பிய சேதியைக் கொண்டுவந்தார். அங்கே மலாய்க்காரர்களின் நெல் வயல் பக்கத்தில் இருக்கிறதாம். சித்தப்பா அறுவடைக்குப் போய் நெல்லாகக் கூலி வாங்குகிறாராம். மேட்டில் தானும் கொஞ்சம் விதைத்திருக்கிறாராம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாளாம்.

"அங்க லாரி வரலையாமா?" என்று அப்பா கேட்டார்.

"வருதாம். ஆனா ரோட்டிலேருந்து உள்ள ரொம்ப தூரமாம். சத்தம் கேட்டதும் ஆம்பளைங்க ஆத்துப் பக்கம் ஓடிப் போயிடறாங்களாம். இன்னும் ஒருத்தரும் சிக்கலையாம்" என்றாள் அம்மா.

அப்பா தம்பியின் காலைப் பார்த்தார். போகலாம் என்றார்.

கிராணி விட்டுப்போன சைக்கிள் ஒன்று அப்பாவிடம் இருந்தது. டயருக்குக் காற்று கிடையாது. உள்ளே பழைய ரப்பர்க் குழாயைத் திணித்துக் கம்பியால் கட்டியிருந்தார். ஓட்டினால் எலும்பெல்லாம் ஆடும். பின்னால் ஒரு பிரம்புக் கூடையைக் கட்டித் தம்பியை அதில் உட்கார வைத்தார். ஹேண்டில்பாரில் பாத்திரமும் அவித்த மரவள்ளியும் தொங்கின. தங்கையை அம்மா சேலையால் முதுகில் கட்டிக்கொண்டாள். நான் நடந்தேன்.

முதல் நாள் நன்றாக இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான். வெகு காலத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வெளியே வந்திருந்தோம். தம்பி கூடையில் உட்கார்ந்துகொண்டு வழியில் கண்ட மாட்டையெல்லாம் கூப்பிட்டான். சித்தி வீட்டில் சோறு உண்டா என்று அப்பாவைக் கேட்டான். உண்டு என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டான். மறுபடியும் உண்டு என்றார். அம்மாகூடச் சிரித்தாள்.

சிரம்பானுக்குள் நுழையும் இடத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட்டோம். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டான். துணி வியாபாரியின் உறவுக்காரர் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையில் சாப்பாடு இல்லை. பெஞ்சுகள் சுவரோரமாகக் கவிழ்த்துக் கிடந்தன. பின்கட்டில் படுக்க இடம் கொடுத்தார். பொழுது விடிந்து நாங்கள் கிளம்பியபோது அவர் அப்பாவைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க குடும்பத்தோட ரோட்ல போவாதீங்க. மலைப் பாதையில லாரி ஓடிக்கிட்டே இருக்கு. ஆம்பளையக் கண்டா நிறுத்துறான். பொம்பளைய, பிள்ளைய ஒண்ணும் செய்றதில்ல."

"அப்ப நான் எப்படிப் போறது பாய்?"

"நீங்க பின்னாடி போங்க. சத்தம் கேட்டா காட்டுக்குள்ள இறங்கிடுங்க. அவங்க முன்னாடி நடக்கட்டும்."

அப்படித்தான் போனோம். சிரம்பானுக்கும் கோலா பிலாவுக்கும் நடுவில் புக்கிட் புத்துஸ் மலை. பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறும். ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று இந்தப் பக்கம் தெரியாது. அம்மாவும் நானும் முன்னால் நடந்தோம். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்தார். எங்கேயாவது லாரி உறுமினால் தம்பியைக் கூடையிலிருந்து தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளோடு ஆள் உயர லாலான் புல்லுக்குள் இறங்கிவிடுவார். லாரி போன பிறகு ஏறி வருவார். கையெல்லாம் புல் அறுத்த கோடுகள்.

மலை ஏற ஏறத் தம்பிக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. காலையிலேயே உடம்பு சுட்டதாம். பயணத்தைத் தள்ளிப்போட முடியாது என்று அம்மா சொல்லாமல் இருந்திருக்கிறாள். நடுப்பகலில் அவன் மாட்டைக் கூப்பிடவில்லை. சோற்றைக் கேட்கவில்லை. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் மறுபடியும் லாரிச் சத்தம் கேட்டது. அப்பா தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். அந்த இடத்தில் புல் அவ்வளவு உயரமில்லை. கீழே பள்ளம், அதனால் மேலும் போக முடியாது. அவர் குப்புறப் படுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சைக்கிளின் ஹேண்டில்பார் வெளியே தெரிந்தது.

லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்றது.

ஓட்டி வந்தவர் ஒரு தமிழர். அவர் பக்கத்தில் ஒரு சிப்பாய். பின்னால் பலகையில் இன்னும் இரண்டு சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள். மற்றபடி லாரி காலி. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"எங்க தங்கச்சி போற, ரெண்டு பிள்ளையத் தூக்கிக்கிட்டு?"

அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

டிரைவர் பக்கத்துச் சிப்பாயிடம் மலாயிலோ ஜப்பான் மொழியிலோ ஏதோ சொன்னார். அவன் திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"அந்தப் பக்கந்தான் போறோம். ஏறு."

அம்மா அந்த லாரியில் ஏன் ஏறினாள் என்று பின்னால் பலர் கேட்டார்கள். லாரி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த லாரி நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து பத்துப் பதினைந்து அடியில் அப்பா கிடந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த சிப்பாய் எழுந்து நின்று பள்ளத்தைப் பார்த்தால் போதும். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், இறங்குவார்கள். லாரி அங்கிருந்து நகர வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. அதோடு தம்பியின் உடம்பு அவள் தோளில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் புல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னை முதலில் ஏற்றிவிட்டாள். பிறகு தானும் ஏறினாள்.

பின்னால் இருந்த சிப்பாய்களில் ஒருவன் சிறு வயதுக்காரன். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். தண்ணீர்க் குப்பியைத் திறந்து கழுத்தில் கிடந்த துண்டை நனைத்து அவன் தலையில் போட்டான். தங்கை அந்தச் சிப்பாயின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இதுவும் நடந்தது.

மலை இறங்கியதும் இரண்டு பக்கமும் நெல் வயல்கள் வந்தன. கோலா பிலா கடைத்தெருவைத் தாண்டி வெகு தூரம் போய், ஒரு மண் பாதையில் லாரி திரும்பியது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆடி ஆடிப் போனது. அம்மா அப்போதுதான் எழுந்து நின்றாள். முன் தகட்டைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் தலைக்கு மேலாகக் குனிந்து, "அண்ணே, இங்கயே நிறுத்துங்க, நாங்க நடந்து போயிக்கிறோம்" என்றாள். டிரைவருக்குக் கேட்டதோ இல்லையோ, லாரி நிற்கவில்லை. அம்மா தகட்டைத் தட்டினாள். வயதில் மூத்த சிப்பாய் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

அந்தத் தோட்டத்து ஆண்கள் வழக்கம்போல் சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பித்திருக்கிறார்கள். குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் லாரியின் பின்பக்கம் எங்களைப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். "பொம்பள வருது, சின்னப் புள்ளைங்க வருது." ஓடியவர்களில் பலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அரிசி லாரியாக இருக்கும், இல்லாவிட்டால் வேறு தோட்டத்துக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகுட்டிகளோடு வரும் லாரி ஆள் பிடிக்க வருமா?

சித்தப்பா ஆற்றுப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தார். எனக்கு அவரை நன்றாக நினைவிருக்கிறது. முழங்கால் வரை சேறு, தலையில் துண்டு. அம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடியே, யாரு வந்திருக்காங்க பாரு" என்று லயத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே லாரியை நோக்கி வந்தார். கையை நீட்டித் தம்பியை வாங்கினார். "என்னக்கா, இப்படிச் சுடுது" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை என்று பின்னால் அப்பாவிடம் சொன்னாளாம். கையால் போ போ என்று தள்ளினாளாம். அவருக்குப் புரியவில்லை.

சித்தி ஓடி வந்து தம்பியை வாங்கிக்கொண்ட நேரத்தில் சிப்பாய்கள் குதித்தார்கள். தம்பியின் தலைக்குத் துண்டு நனைத்துப் போட்டவனும் குதித்தான். துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கத்தை மறித்து நின்றான். ஆட்களை அடிக்கவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர்களை ஏறச் சொன்னார்கள், ஏறினார்கள். நாங்கள் இறங்கிய இடத்தில் அவர்கள் ஏறினார்கள். சித்தப்பா மேலே ஏறி நின்ற பிறகும் எங்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"அரிசிப் பானை அடுப்புக்குப் பின்னால இருக்குக்கா. பையனுக்குக் கஞ்சி வச்சுக் குடுங்க. அவ அழுதுகிட்டே மறந்துடுவா."

டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

சித்தி அழவில்லை. தம்பியைத் தோளில் போட்டபடி லாரி போன பாதையில் கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு திரும்பி வந்து கஞ்சி வைத்தாள். தம்பிக்கு ஊட்டினாள், எனக்கும் ஊற்றினாள். அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். அம்மா அதைத் தொடவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்கள்.

"இவங்க யாரு?"

"லாரியோட வந்தவங்க" என்றாள் ஒருத்தி.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் எங்களுக்கு அதுதான் பெயர்.

மறுநாள் மதியம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் காட்டுக்குள் இறங்கி ஏறி வந்திருக்கிறார். சட்டை கிழிந்திருந்தது, கூடை காணாமல் போயிருந்தது. எங்களை உயிரோடு பார்த்த சந்தோஷத்தில் வாசலிலேயே நின்று சிரித்தார். சித்தி உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தினாள்.

"மாமா வந்துட்டாரா" என்றாள். அம்மாவைப் பார்த்து மிக மெதுவாகச் சொன்னாள். "உன் புருசனக் காட்டுல ஒளிச்சு வச்சுட்டு வந்திருக்க. என் புருசன் உன் புள்ளையத் தூக்கத்தானே வந்தாரு."

"எனக்குத் தெரியாது தங்கச்சி. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுதான். தெரிஞ்சா செஞ்சிருப்ப? அதெல்லாம் எனக்குத் தெரியுது. தெரிஞ்சு என்ன ஆவப் போவுது."

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. என்னிடம்தான் கேட்டார். நான் சொன்னேன். அவர் என்னை இறக்கிவிட்டுக் குழாயில் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

தம்பிக்குக் காய்ச்சல் இறங்கும் வரை அங்கே இருந்தோம். அப்பா வெளியே வராமல் உள்ளேயே இருந்தார். லயத்தில் மிச்சமிருந்த ஓரிரண்டு ஆண்களும் அவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் தினமும் கிடைத்தது. அரிசிச் சோறு. தம்பி எழுந்து உட்கார்ந்து சித்தியிடம் இன்னும் கொஞ்சம் என்று கேட்டான். சித்தி அவனுக்குப் போட்டாள். அவன் முகத்தை அவள் பார்த்த விதத்தை என்னால் விவரிக்க முடியவில்லை. அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

கிளம்பும்போது அப்பா, "எங்ககூட வந்துடும்மா, தனியா எப்படி இருப்ப" என்று கேட்டார்.

"அவரு வந்தா வீடு பூட்டிக் கிடக்கும்" என்றாள் சித்தி. ஒரு துணியில் அரிசியைக் கட்டி சைக்கிளில் மாட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள். சித்தி உருவிக்கொள்ளவில்லை. அம்மா விடும் வரை கையை அப்படியே வைத்திருந்தாள். அது சாதாரணமாகக் கையைத் தட்டிவிடுவதைவிட மோசமாக இருந்தது என்று அம்மா பின்னாளில் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

லுக்குட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அரிசி தீர்ந்தது. மழைக்காலத்தில் தங்கை வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோனாள். மருந்து இல்லை. ஒரு மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில் அப்பா குழி வெட்டினார். அதைச் சித்திக்குச் சொல்லியனுப்பலாமா என்று அப்பா கேட்டபோது, "வேணாம், அவகிட்ட ஆறுதல் கேக்குற மாதிரி இருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் ஒன்றிரண்டு பேராகத் திரும்பினார்கள். அந்த லாரியில் ஏறிய ஒருவர் வேலை தேடி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அம்மாவை அவருக்கு அடையாளம் தெரிந்தது. வாசலில் குந்தி உட்கார்ந்து, சித்தப்பா அங்கே போய்ச் சேர்ந்த வருசமே முகாமில் வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னார். உடம்பில் சதை என்று எதுவும் இல்லாத மனிதர். கோபமாகப் பேசவில்லை.

"உங்களப் பாத்ததும் அரிசி லாரின்னுதான் நெனச்சோம்லா" என்றார். "அந்த டிரைவர் பயலுக்குத் தெரியுமான்னு நாங்க அங்க பேசிக்குவோம். வேணும்னே ஏத்திக்கிட்டு வந்தானா, இல்ல பாவம்னு ஏத்துனானான்னு. சில பேரு அப்படிம்பாங்க, சில பேரு இப்படிம்பாங்க. உங்களுக்கு என்னம்மா தோணுது?"

அம்மா அவருக்குச் சோறு போட்டு அனுப்பினாள்.

அதற்கடுத்த வாரம் அம்மா தனியாகப் பஸ் ஏறிக் கோலா பிலாவுக்குப் போனாள். போன அன்றே திரும்பி வந்துவிட்டாள். அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. அவரு போறப்ப வயித்துல இருந்திருக்கு. நாம அங்க இருந்தப்பகூடச் சொல்லல."

"உள்ள கூப்பிட்டாளா?"

"கதவத் தொறந்தா. நின்னா. நானும் நின்னேன். அப்புறம் வந்துட்டேன்."

சித்தி பிறகு அந்தத் தோட்டத்தை விட்டுக் கெமாஸ் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். தம்பி வளர்ந்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். அவனுக்கு அந்தப் பயணம் சுத்தமாக நினைவில்லை. எங்களில் அவன்தான் கொடுத்துவைத்தவன். அம்மா தன் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிக் கிடந்தபோது, "இங்கயே நிறுத்துங்கண்ணே" என்று அடிக்கடி சொன்னாள். தம்பியின் மனைவி, மாமியாருக்கு எங்கோ இறங்க வேண்டுமாம் என்று என்னிடம் வந்து சொன்னாள்.

அம்மா போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு கெமாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தவள் என்ற முறையில். பந்தியில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். பேச்சுவாக்கில், தான் பிறந்தது கோலா பிலா தோட்டத்தில் என்றும், அப்பா முகத்தைப் பார்த்ததில்லை என்றும், அம்மா போன வருடம் தவறிவிட்டார் என்றும் சொன்னாள். தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். சித்தி இருந்த அதே தோட்டம்தான்.

"நீங்க எந்த ஊரு, அக்கா?" என்று கேட்டாள்.

"லுக்குட் பக்கம்."

"அப்படியா" என்றாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலைக்கு ரசம் ஊற்றச் சொன்னாள். பிறகு இயல்பாகச் சொன்னாள், "அந்தப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லக்கா. இருந்திருந்தா அம்மா சொல்லியிருப்பாங்க."